கனெக்டருக்குள் மூன்று நிறம்

எனக்கு முன்கோபம் அதிகம். வேலம்பாளையத்தில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபம் வந்தால் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. பேசி முடித்த பிறகு அதற்காக இறங்கிப்போகவும் வராது. வீட்டில் பழகிவிட்டார்கள், ஷெட்டில் பழகிவிட்டார்கள். பழகாத ஒரு மனிதர் மேல் அது போய் விழுந்ததைத்தான் சொல்லப்போகிறேன். கேட்பதற்கு வண்டி ரிப்பேர் கதை மாதிரி இருக்கும்.

நான் ஸ்ட்ரைப் துணி ஓட்டுகிறவன். சாயம் போட்ட கலர் நூலை வாங்கி, கோடு போட்ட பனியன் துணியாகப் பின்னிக் கொடுக்கிறேன். பன்னிரண்டு நிட்டிங் மிஷின். ஷெட்டின் மூலையில் என் வண்டி நிற்கும். இருபது வருசத்துக்கு முந்தைய ஜப்பான் செடான். அந்தக் காலத்தில் வேகத்துக்கென்றே கட்டிய என்ஜின். ஏழாயிரம் சுற்றைத் தாண்டினாலும் சலிக்காது. அதை வாங்கியபோது என் மனைவி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல பின்னாடி உக்கார்றவங்க முட்டிய எங்கீங்க வெக்கறது?" என்று கேட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அந்த வண்டி என்றால் உயிர்.

நிட்டிங் ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்குக் காத்தடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நூல் ஓடுகிற இடத்தில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். ஊசியில், ஃபேனில், ட்யூப்லைட்டில், மூக்கில், எங்கும் பஞ்சுதான். அதற்கு ஒரே மருந்து காத்து. கம்ப்ரசர் ஹோஸை எடுத்து மிஷினுக்கு அடிப்போம், சுவருக்கு அடிப்போம், சாமி படத்துக்குக்கூடத் தள்ளி நின்று அடிப்போம், கடைசியில் அவரவர் தலைக்கும் சட்டைக்கும் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். சனிக்கிழமை சாயங்காலம் பெரிய சுத்தம். மிஷின்கள் முடிந்ததும் நான் பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் அடிப்பேன். இண்டு இடுக்கு விடமாட்டேன். ஆறு வருசம் ஒரு சனிக்கிழமை தவறவில்லை.

போன வருசம் சித்திரையில் வண்டி நிற்க ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று என்ஜின் செத்துவிடும். கால் மணி நேரம் ஓரத்தில் நின்றால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இரண்டு மெக்கானிக்கிடம் காட்டினேன். அங்கே கொண்டுபோனால் சனியன் நிற்கவே நிற்காது. பெட்ரோல் பம்ப் என்றார் ஒருவர். பேட்டரி என்றார் இன்னொருவர். இரண்டையும் மாற்றியும் நின்றது.

கடைசியில் எங்கள் ரோட்டிலேயே இருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். தகரம் போட்ட சின்னக் கடை. நாங்கள் பழைய வேகமான வண்டி வைத்திருக்கிற ஆட்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். கோயமுத்தூர், ஈரோடு, பொள்ளாச்சி ஆட்களெல்லாம் அதில் உண்டு, அவரும் அதில் இருந்தார். அவர் கடைக்கு வருகிற வண்டியெல்லாம் அந்த குரூப் வண்டிதான். கம்ப்யூட்டர் காட்டாத கோளாறை அவர் கண்டுபிடிப்பார் என்று பேர்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் மனைவியோடு இங்கே வந்து, பனியன் கம்பெனிகளில் பதினோரு வருசம் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அதை விட்டுவிட்டுத்தான் கடை போட்டார். "பெல் அடிச்சா உள்ள ஓடணும், பெல் அடிச்சாத்தான் சாப்பிடணும். போதும் அண்ணாச்சி. கஞ்சியக் குடிச்சாலும் இனி பெல்லுக்கு ஓட மாட்டேன்" என்று முதல் நாளே சொன்னார். கடையில் ஒரு கடிகாரம்கூட இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்குச் சிரித்தார்.

மற்றவர்கள் வண்டியைத்தான் கேள்வி கேட்டார்கள். அவர் என்னைக் கேட்டார்.

"வண்டி நிக்கும்போது ஆர்பிஎம் முள்ளப் பாத்தீங்களா? மெதுவா இறங்குச்சா, படக்குன்னு விழுந்துச்சா?"

"படக்குன்னுதானுங்க விழுந்துச்சு. வண்டி உருண்டுட்டேதான் இருந்துச்சு, முள்ளு பூஜ்யத்துல கெடந்துச்சு."

"கியர்ல இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"அப்பம் கோளாறு பெட்ரோல்ல இல்ல" என்றார். பெட்ரோல் தீர்ந்தால்கூட, கியரில் உருளும் வரைக்கும் சக்கரம் என்ஜினைச் சுற்றும், முள் மெல்லத்தான் இறங்கும். என்ஜின் சுற்றும்போதே முள் விழுகிறதென்றால், சுற்றுகிற செய்தி வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. அந்தச் செய்தியைச் சொல்வது கிராங்க் சென்சார் என்ற கட்டைவிரல் அளவு சாமான். அது வாயை மூடிவிட்டால், என்ஜின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும். பத்து நிமிசத்தில் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

அப்படியும் சாமானை உடனே மாற்றவில்லை. சென்சார் வயரில் மீட்டரை மாட்டி, அதை டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, மூன்று நாள் மத்தியான வெயிலில் என் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். அது நிற்க வேண்டும் என்று காத்திருந்து ஓட்டினார். மூன்றாம் நாள் நின்றது. அதே நொடி மீட்டரும் பூஜ்யத்தில் விழுந்தது. அதன் பிறகுதான் சென்சாரை மாற்றினார். என்னைக் கூப்பிட்டு அதன் கனெக்டரையும் காட்டினார். என்ஜினுக்குப் பின்புறம், அடியில், கை நுழைய சிரமப்படும் இடம். பிளக் மாட்டுகிற வாயில் பச்சைப் பஞ்சு அடைத்திருந்தது. அவர் அதைச் சுரண்டி எடுத்து, ஸ்பிரே அடித்து, பிரஷ் போட்டு, களிம்பு பூத்திருந்த பின்களைத் தங்கம் தேய்ப்பது மாதிரித் தேய்த்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. இதுல ஒரு ரப்பர் சீல் இருக்கணும். கிழிஞ்சு போச்சு. புதுசு வரதில்ல. பழைய வண்டி பிரிக்கிற எடத்துல சொல்லி வச்சிருக்கேன், எப்படியும் கிடைச்சிரும். அது வாற வரைக்கும் என்ஜினுக்குக் காத்து மட்டும் அடிச்சிராதீங்க. உங்க காத்துல தண்ணி வருது, பஞ்ச உள்ள தள்ளி ஈரத்தையும் சேத்துக் குடுக்குது. வேற ஒண்ணும் இல்ல."

நான் கோபப்படவில்லை. சிரித்தேன். அது அதைவிட மோசம். "தம்பி, பன்னெண்டு மிஷினுக்குக் காத்தடிச்சே நான் பொழைக்கறனுங்க. அதுல இல்லாத சென்சாருங்களா?" என்றேன். அவர் மறுபடி சொல்ல வாயெடுத்து, எதற்கு என்று விட்டுவிட்டார். அந்த வாரச் சனிக்கிழமை வழக்கம்போல அடித்தேன்.

ஆறேழு வாரம் வண்டி பறந்தது. குரூப்பில் அவரைப் புகழ்ந்து தள்ளினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சமயத்தில் என் மகளுக்கு லைசென்ஸ் வந்திருந்தது. காலேஜ் முடிக்கிற வயது. "அப்பா, உங்க வண்டியத்தான் ஓட்டுவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, மனைவி முட்டியை மடக்கிக்கொண்டு பின்னால் உட்கார, பெருமாநல்லூர் பக்கம் பைபாஸில் போனோம். நன்றாகத்தான் ஓட்டினாள். ஒரு டேங்கர் லாரியைத் தாண்டி, அதற்கு முன்னால் வந்த நேரம் முள் படக்கென்று விழுந்தது.

என்ஜின் செத்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக் இரண்டு மிதியில் மரத்துவிடும். எனக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. "அப்பா, திரும்ப மாட்டேங்குதுப்பா" என்றாள். "கண்ணு, ஓரமா உடு, ஓரமா உடு" என்று சொல்லிக்கொண்டே நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். பின்னால் டேங்கரின் ஹாரன் நிற்காமல் அடித்தது. கண்ணாடி முழுக்க அதன் முகப்புதான் தெரிந்தது. எங்கள் மேல் உரசாமல் அது எப்படி ஒதுங்கிப் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வண்டி மண்ணில் இறங்கி நின்றது. மனைவி இறங்கி, மகளை இறக்கி, ரோட்டோரம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, அவள் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். மகளின் கை இரண்டும் ஸ்டியரிங் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.

நான் பயந்துபோனேன். அதை அப்படியே வைத்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் அதைக் கோபமாக்கினேன். அங்கேயே, அந்த மண்ணில் நின்றுகொண்டே, போனை எடுத்து குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

என்ன பேசினேன் என்று வார்த்தை வார்த்தையாக எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் கை வைத்த வண்டி என்று ஆரம்பித்தேன். என் மகளைக் கொல்லப் பார்த்தான் என்றேன். பழைய சென்சாரைப் புதிது என்று மாட்டியிருப்பான் என்று, தெரியாத ஒன்றையும் தெரிந்த மாதிரிச் சொன்னேன். யாரும் அங்கே வண்டி விடாதீர்கள் என்று முடித்தேன். எங்கள் ஊரில் கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்போம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்த மனிதரை நான் அவன் இவன் என்றேன்.

என் மகள் மேல் எல்லோருக்கும் பிரியம். மெசேஜ் குரூப் குரூப்பாக ஓடியது. எனக்கே அதை இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள்.

அவர் அன்று சாயங்காலம் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுநாள் செய்தார். கட் செய்தேன். ஒரு வாரம் கழித்து, நான் மிஷினுக்கு நூல் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒருமுறை வந்தது. பேரைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு வரவில்லை. "ஒரு வார்த்த கேட்டுப் போடலாமுங்க, என்னதான் சொல்றாருன்னு" என்றாள் மனைவி. "உனக்கென்ன தெரியும்" என்று அவள் மேலும் பாய்ந்தேன். மகள் அந்த வண்டியின் பக்கமே வரவில்லை. ஸ்கூட்டியை எடுக்கக்கூட ஷெட்டின் பின்வாசல் வழியாகப் போனாள்.

நானே கோளாறு பார்ப்பது என்று உட்கார்ந்தேன். ஃபியூஸ் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். ரிலே மாற்றினேன். எர்த் வயரைத் தேய்த்தேன். வீடியோ பார்த்தேன். முள் ஏன் விழுகிறது என்று ஒருவர் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், அவர் சொன்னது என்பதாலேயே, அந்தச் சென்சார் பக்கம் கை வைக்கவில்லை. நிற்கிற வண்டிக்கும் சனிக்கிழமை தவறாமல் காத்தடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி ரூம், லேப்டாப், எல்லாம் இருந்தது. அங்கிருந்த மெக்கானிக் என் வயதுக்காரர். லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடியில் கையை விட்டு அதே கனெக்டரைக் கழற்றினார். ட்வீசரால் உள்ளேயிருந்து ஒரு கட்டியை உருவி, என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்னங்க சார், துணியா?"

துணி இல்லை. பஞ்சு. ஈரமும் எண்ணெயும் சேர்ந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு இறுகிப்போன பஞ்சு. மேலே நேவி புளூ. நகத்தால் பிரித்தேன். அதற்கடியில் மெரூன். அதற்கும் அடியில் சாம்பல் மெலாஞ்ச், கறுப்பும் வெள்ளையும் கலந்த நூல். அதற்குக் கீழே எதுவும் இல்லை.

எனக்கு என் ஆர்டர் மறக்காது. நேவி புளூ அப்போது மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. மெரூன், மகள் வண்டி ஓட்டிய மாதம். சாம்பல் மெலாஞ்ச், அவர் வண்டியைச் சரி செய்து கொடுத்த அந்த வாரம் ஆரம்பித்த ஆர்டர். அதற்கு முந்தைய மாதமெல்லாம் நான் பச்சை ஓட்டியிருந்தேன். அதில் ஒரு துளி பச்சை கிடையாது. அவர் அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தார். அதன் பிறகு உள்ளே போனதெல்லாம் என் நூல், என் காத்து, என் கை.

"சென்சார் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"சென்சாருக்கென்ன சார், புத்தம்புதுசா இருக்கு. மாத்துனவரு நல்லா வேல தெரிஞ்சவரு. இந்தச் சீல் மட்டும் இல்ல. இது எங்கயும் கெடைக்காது. நான் பேஸ்ட் வெச்சு அடைச்சு விடறேன்" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்று குரூப்பில் இன்னொரு வாய்ஸ் போட்டேன். தப்பு என்னுடையது, அவர் வேலை சுத்தம், காத்தடிக்காதே என்று சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றேன். அவர் இவர் என்று மரியாதையாகத்தான் பேசினேன். முதல் மெசேஜுக்கு எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு பதில் போட்டிருந்தார்கள். இதற்கு நான்கு பேர் கட்டைவிரலைப் போட்டார்கள். ஒருவர் மழை பெய்கிற படம் போட்டார், பேச்சு அப்படியே மழைக்குப் போய்விட்டது.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் கடைக்குத்தான் வந்தேன். தகரம் அதேதான். உள்ளே பனியன் துணி கட்டிங் வேஸ்ட் மூட்டை கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது. பக்கத்துப் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்து, "அவரு காலி பண்ணி ரெண்டு மாசமாச்சுங்களே. பெருமாநல்லூர்ல ஒரு பனியன் கம்பெனில மெயின்டனன்ஸ்ல இருக்கறாருங்க" என்றார். தினமும் அந்த ரோட்டில்தான் போகிறேன். ஷட்டர் இறங்கியிருந்ததைப் பார்த்துமிருக்கிறேன். ஊருக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் வண்டியோடு கம்பெனி வாசலில் போய் நின்றேன். சாப்பாட்டு பெல் அடித்ததும் கூட்டம் வெளியே வந்தது. இந்தி பேசிக்கொண்டு பையன்களும் பெண்களும் முதலில் வந்தார்கள். கடைசியில் அவர் வந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் டூல் பை. என்னைப் பார்த்ததும் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"வாங்க அண்ணாச்சி. பாப்பா நல்லாருக்கால்லா?" என்றார்.

நான் பையிலிருந்து அந்தப் பஞ்சைப் பிளாஸ்டிக் கவரோடு எடுத்து நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானேதான் சொன்னேன், நேவி, மெரூன், மெலாஞ்ச் என்று, எந்தெந்த வாரம் என்று. "தம்பி, தப்புப் பண்ணிப்போட்டனுங்க. குரூப்ல போட்டுட்டேன், நீங்க கேட்டீங்களா?"

"நான் குரூப்ல இல்ல. அன்னைக்கே வெளிய வந்துட்டேன்."

"கடைய மறுபடியும்…"

"வண்டி வரணும்லா அண்ணாச்சி" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "வீட்டுல அவளும் வேலைக்குப் போறா. இதுல சம்பளம் மாசம் பிறந்தா வந்துருது. இருக்கட்டும்."

பிறகு வண்டியைப் பார்த்தார். முகம் மாறியது, அந்தப் பழைய முகம் வந்தது. "பானெட்டத் தொறங்க" என்றார். சாப்பிடப் போக வேண்டிய மனிதர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு அடியில் கையை விட்டார். "சீல் போட்டாவளா?"

"கெடைக்கலீங்க. பேஸ்ட் வெச்சிருக்கறாங்க."

"பேஸ்ட் சூட்டுக்கு நிக்காது." இடுப்பு டூல் பையின் ஓரத்து ஜிப்பைத் திறந்தார். டெஸ்டருக்குப் பின்னாலிருந்து சின்னப் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில், மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு ரப்பர் சீல். கவர் மேல் என் வண்டி நம்பர் பேனாவால் எழுதியிருந்தது.

"நீங்க குரூப்ல பேசி ஒரு வாரத்துல வந்துச்சு. வந்த அன்னைக்கு போன் பண்ணினேன்" என்றார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. கையில் நூல் இருந்தது. பேரைப் பார்த்தேன். பைக்குள் போட்டேன்.

பேஸ்ட்டைச் சுரண்டினார். பின்னை ஊதிப் பார்த்தார், வாயால். சீலை விரலால் உருட்டி உட்கார வைத்தார். கனெக்டர் டக்கென்று பூட்டிக்கொண்டது. "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஸ்டார்ட் செய்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் கேட்டார் என்று தெரியாது. உள்ளே பெல் அடித்தது.

அவர் கண்ணைத் திறந்தார். கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, "காத்து மட்டும் அடிச்சிராதீங்க, என்ன" என்று சொல்லிவிட்டு, கேட்டைப் பார்த்து ஓடினார். அந்த மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. வண்டி ஒருமுறைகூட நின்றதில்லை.